தாமலில் செய்த மெக்ஸிகோ மிட்டாய்

காஞ்சிபுரத்துக்குப் போகாத சகோதரிகள் உங்களில் சிலர்தான் இருப்பீர்கள். சாமி கும்பிட இல்லாவிட்டாலும் கல்யாணப் புடவை எடுக்கவாவது ஒரு தடவை போயிருப்பீர்கள். புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் இட்லி கிடைத்தால் அதையும் ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவீர்கள். நான் சொல்லப்போகும் ஊர் அதற்கும் மேற்கே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் வேலூர் பஸ் பிடித்து, பாலுச்செட்டி சத்திரம் தாண்டினால், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தாமல் வரும். பெரிய ஏரி, இரண்டு பழைய கோயில்கள், தறிச் சத்தம், எங்கள் பெரியம்மா. எனக்குத் தாமல் என்றால் இவ்வளவுதான். இதுவே போதும் என்றும் வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பங்குனியில் நான் தனியாகப் போகவில்லை. அக்கா மகள் டெக்சாஸிலிருந்து வந்திருந்தாள், கூடவே அவளுடைய ஆறு வயதுப் பிள்ளை. பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கொள்ளுப்பேரனைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று போனில் அழுதுகொண்டிருந்தாள். சரி, மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

பாலுச்செட்டி சத்திரத்தில் பஸ் நின்றபோது, பக்கத்தில்தான் திருப்புட்குழி இருக்கிறது என்று அக்கா மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் அது முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் நம்பி வருகிற தலம். அவள் பாதிதான் காதில் வாங்கினாள். பையன் மடியிலிருந்த புத்தகப்பையின் அடியில் சிவப்பாக என்னமோ கசிந்துகொண்டிருந்தது. ரத்தமோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! பையைத் திறந்தால், ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே மாம்பழத் துண்டு மாதிரியும் புழு மாதிரியும் செய்த ஜவ்வு மிட்டாய்கள். மேலே மிளகாய்த்தூளும் சர்க்கரையும் புரட்டி, ஏதோ சிவப்புக் குழம்பும் ஊற்றியிருக்கிறது. அத்தனையும் வெயிலில் உருகி ஒரே பிண்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்படிடா வந்தது?" என்று கேட்டவளின் முகம் வெளுத்துவிட்டது. பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மிட்டாய்க்கா இந்தப் பாடு என்று எனக்குத் தோன்றியது உண்மை. அப்புறம்தான் அவள் மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் அவனைப் பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் காரீயம் இருந்ததாம். ஒரு டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5-க்கு மேல் போனாலே குழந்தையைக் கவனிக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு 'இவ்வளவு காரீயம் பரவாயில்லை' என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி இருக்காது, காய்ச்சல் வராது. உள்ளே போய் மூளையையும் எலும்பையும் பிடித்துக்கொள்ளும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு என்று பின்னால்தான் தெரியவரும். உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக ஏறும்.

டாக்டரம்மா ஒரு நீளப் பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாராம். வீட்டுச் சுவரில் பழைய பெயிண்ட் உரிகிறதா? உதிரியாக வாங்கிய மஞ்சள்தூள் உண்டா? குங்குமம், கண் மை? பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கிறீர்களா? மெக்ஸிகோவிலிருந்து வருகிற புளி மிட்டாய் தின்கிறானா? "சித்தி, பாதிக்கு மேல ஆமான்னு சொன்னேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு" என்றாள். எதனால் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறாள். சில மாதம் கழித்துப் பார்த்ததில் அளவு இறங்கிவிட்டதாம். ஆனால் அந்த மிட்டாய் ஆசை மட்டும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு மெக்ஸிகோ பாட்டி. அவர் பேரப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய நாக்கு. யாரிடமோ வாங்கி, அம்மாவுக்குத் தெரியாமல் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டான், ஆறு வயசுப் பொடியன்!

பொட்டலத்தைத் தாமல் நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பையன் ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதுகொண்டே நடந்தான்.

தாமலில் வராகீஸ்வரர் கோயில் இருக்கிறது. வராக அவதாரம் எடுத்த திருமால் சிவனைப் பூஜித்த இடம் என்பது தலக்கதை. தூணில் செதுக்கியிருக்கும் சரபேஸ்வரரைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வருவதுண்டு. இன்னொன்று தாமோதரப் பெருமாள் கோயில். தாமோதரன் பெயரால்தான் ஊருக்குத் தாமல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வெண்ணெய் திருடிய பிள்ளையை யசோதை உரலோடு சேர்த்து வயிற்றில் கயிறு போட்டுக் கட்டினாளே, அந்தத் தழும்போடு நிற்கிற பிள்ளை. அழுத கண்ணும் சிவந்த மூக்குமாக நின்ற பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "கயிறு வலிக்குமா?" என்றுதான் கேட்டான். அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாடா, பஸ்ஸில் இறுகிய முகம் அப்போதுதான் தளர்ந்தது.

பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது. அண்ணன் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். கோர்வைப் புடவை, உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா, ஆகவே மறுபக்கம் அண்ணி உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் தின்பண்டத்தோடு யாரும் போகக்கூடாது என்பது நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து இருக்கிற சட்டம். புளிக் கை ஒருதரம் பட்டுப் பாவில் பட்டால் போச்சு! அதனால் இந்த வீட்டில் தின்னுவது, அழுவது, சண்டை போடுவது எல்லாமே கொல்லைப்புறத்தில்தான்.

பையன் ஏன் அழுதான் என்று பெரியம்மா கேட்டாள். கம்மி மிட்டாய்க்காக என்றேன்.

"கம்மின்னா கொறைச்சல்தானே? கொறைச்சல் மிட்டாய்க்கு ஏம்மா இவ்வளோ அதிகமா அழுவறான்?"

அது எப்படி இருக்கும் என்று அக்கா மகள் விவரித்தாள். இனிப்பு, புளிப்பு, உப்பு, மேலே மிளகாய்க் காரம், மென்றால் ஜவ்வாக இழுக்கும். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அட, நம்ம புளி உருண்டைதானே! இதுக்கா கப்பலேறிப் போவணும்? கொல்லையில பங்குனிப் புளி காய வெச்சிருக்கேன், பாரு."

அவள் விளையாட்டாகச் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. நம் சமையலறையில் மிளகாய் இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? அது நம் ஊர்ச் சரக்கே இல்லை. மெக்ஸிகோ பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பயிரிட்டு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். காஞ்சிபுரம் இட்லியில் இன்றைக்கும் மிளகும் சுக்கும்தானே போடுகிறோம்? மிளகு போலக் காரமான காய் என்று மிளகாய் ஆயிற்று. போகிற பொருளும் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவில் தோன்றி, நம் நாட்டில் எத்தனையோ காலமாக வேர்விட்டுவிட்ட மரம் புளி. அரபு வியாபாரிகள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளில் 'தமர் ஹிந்தி' என்றார்கள். டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஸ்பானியர் காலத்தில் அது மெக்ஸிகோவுக்குப் போய், அங்கே வீட்டுக்கு வீடு வேண்டிய பொருளாகிவிட்டது. அவர்கள் மிளகாய் நமக்கு, நம் புளி அவர்களுக்கு!

கொல்லை வேலியில் கொடுக்காப்புளி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு, "குவாமூச்சில்!" என்று கத்தினான். பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படித்தான் சொல்வாராம். அவன் சொன்னது சரி. கொடுக்காப்புளியும் மெக்ஸிகோ மரம்தான். சின்ன வயதில் துரட்டி போட்டுப் பறித்துத் தின்ற எனக்கு அது அந்நிய நாட்டுப் பழம் என்று யாரும் சொன்னதில்லை.

"நாமே செஞ்சு கொடுத்துட்டா என்ன?" என்றேன். பெரியம்மா மடமடவென்று எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஓர் உருளியை இறக்கச் சொன்னாள். பித்தளை உருளி, அவள் கல்யாணச் சீர். அவள் அம்மா கொடுத்தது. "இதுல கிளறினாத்தான் புளி உருண்டை உருண்டையா வரும்."

அக்கா மகள் சட்டென்று, "ஆயா, இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

கொல்லையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. "ஏன்? இதுல கிளறிப் போட்டுத்தான் உங்கம்மாவை வளர்த்தேன். உங்கம்மா இன்னா கொறைஞ்சா பூட்டா?" என்றாள் பெரியம்மா. குரல் நடுங்கியது. கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம். அமெரிக்காவிலிருந்து வந்த பெண் தன் அம்மா கொடுத்த பாத்திரத்தைச் சுத்தமில்லை என்கிறாள் என்று அவளுக்குப் பட்டிருக்கும். அக்கா மகளுக்கோ அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் கண்முன் நின்றிருக்கும். இரண்டு பக்கமும் எனக்குப் புரிந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்!

உருளியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஈயப் பூச்சு பெரும்பாலும் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. "ஈயம் பூசறதூ" என்று கூவிக்கொண்டு தெருவில் வருவார்களே, அவர்களைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று பெரியம்மாவே சொன்னாள். அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "பெரியம்மா, இதை எதைப் போட்டுத் தேய்ப்பே?"

"புளிதான்."

"புளி போட்டா ஏன் பளபளன்னு ஆவுது?"

"கறையைத் தின்னுடும்."

"அந்தக் கறை எங்கே போவுது?"

அவள் பதில் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது அது தண்ணீரோடு ஓடிவிடும். கிளறும்போது உருண்டையோடு வாய்க்குள்ளே போகும். சமைக்கிற புளிக்கும் தேய்க்கிற புளிக்கும் பாத்திரத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் தெரியாதே!

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் தமிழில் ஈயம் என்ற ஒரே வார்த்தை இரண்டு உலோகங்களுக்கு ஓடுகிறது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பித்தளைக்குப் பூசுகிற பூச்சும் வெள்ளீயமாக இருக்கவேண்டும். அது கெடுதல் இல்லை. விஷம் காரீயம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பித்தளையிலும் கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் காரீயம் சேர்ப்பதுண்டு. பழைய உலோகக் கழிவை உருக்கிச் செய்கிற மட்டமான அலுமினியப் பாத்திரங்களிலும் அது இருந்திருக்கிறது. சும்மா கிடக்கும்வரை தொந்தரவு இல்லை. புளியோ எலுமிச்சையோ தயிரோ அதில் சுட்டாலும் ஊறினாலும்தான் வெளியே வரும்.

மெக்ஸிகோ மிட்டாயிலும் இதேதான் நடந்தது என்பது வேடிக்கை. புளி மிட்டாயை அங்கே சின்னச் சின்ன மண் குடுவைகளில் அடைத்து விற்பார்கள். குடுவைக்குப் பளபளப்பாகப் பூசுகிற பூச்சில் காரீயம். புளி அதைக் கரைத்துக்கொண்டது. கழுவாமல் மண்ணோடு அரைத்த மிளகாய் வேறு. பொட்டலத்தின் அச்சு மை வேறு. 2004இல் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகை இதைத் துருவி எழுதி, பெரிய கலவரமாகி, அந்த மாநிலத்தில் சட்டமே வந்தது. 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குழந்தைகள் தின்னும் மிட்டாயில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று அளவு வைத்தது. அதற்குப் பிறகு கம்பெனிகள் பல திருந்தியிருக்கின்றன. எல்லா மெக்ஸிகோ மிட்டாயும் விஷம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். நம் பக்கமும் ஒன்றும் சுத்தமில்லை. 2024 பிப்ரவரியில் துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்ய வேண்டிவந்ததே!

பெரியம்மா உருளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாளோ என்று பயந்தேன். வந்தாள், இடுப்பில் கல்சட்டியோடு. "இது வெறும் கல்லு. இதுல ஒண்ணுமில்லியே, கண்ணு?" என்று அக்கா மகளைத்தான் கேட்டாள். அவள் ஓடிப்போய்ச் சட்டியை வாங்கிக்கொண்டாள்.

முதலில் புளி உருண்டை. இதற்கு அடுப்பே வேண்டாம். கொட்டையும் நாரும் நீக்கிய புதுப்புளி நூறு கிராமுக்கு நூற்றைம்பது கிராம் வெல்லம். வறுத்த சீரகம் ஒரு ஸ்பூன், கல் உப்பு அரை ஸ்பூன், காம்பு நீக்கிய காய்ந்த மிளகாய் இரண்டு. உரலில் மிளகாய், உப்பு, சீரகத்தை நுணுக்கிக்கொண்டு, புளியும் வெல்லமும் சேர்த்து இடித்தால் கையில் ஒட்டாமல் திரண்டு வரும். கோலி அளவு உருட்டி ஒரு குச்சியில் செருகிக் கொடுத்தாள் பெரியம்மா. பையன் ஒன்றை வாயில் வைத்தான். கண்ணைச் சுருக்கினான். "நல்லா இருக்கு. ஆனா இழுக்கலியே" என்றான். இவனுக்கு ஜவ்வு வேண்டுமாம்!

அந்த ஜவ்வு எதனால் வருகிறது தெரியுமா? கடை மிட்டாயில் ஜெலட்டின் போடுகிறார்கள். மாடு, பன்றி இவற்றின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுப்பது. சைவக்காரர்களுக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டிலேயே அது இளகிவிடும். அதனால்தான் வாயில் கரைகிறது, அதனால்தான் பங்குனி வெயிலில் பஸ்ஸிலும் கரைந்தது. நமக்குச் சரிப்பட்டு வருவது சைனா கிராஸ் என்று கடையில் கேட்கிறோமே, அந்தக் கடல்பாசி. பெயரில்தான் சைனா. நம் ராமநாதபுரம் பக்கத்து மீனவப் பெண்கள் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிற பாசியிலிருந்தும் இது தயாராகிறது. ஐஸ்பெட்டி இல்லாமலே, தாமல் வெயிலிலேயே உறையும். ஒருதரம் உறைந்துவிட்டால் கொதிக்கும் பக்குவத்துக்குச் சுடவைத்தால்தான் மறுபடி இளகும்.

முதல் தடவை நான் கோட்டை விட்டேன். சாமர்த்தியமாக, புளிக்கரைசலிலேயே சைனா கிராஸைப் போட்டுக் கொதிக்க விட்டேன். ராத்திரி முழுக்க வைத்தும் கூழாகவே இருந்தது. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் பாசியின் உறையும் சக்தி அறுந்துவிடும் என்பதை மறந்துபோனேன். "புளியாவது வெல்லமாவது வீணாவாது" என்று பெரியம்மா அதைச் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டாள்.

மறுநாள் செய்தது இப்படி. நூறு கிராம் புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, கல்சட்டியில் சுண்டவைத்து அரை டம்ளர் ஆக்கிக்கொண்டோம். கல்சட்டி இல்லாதவர்கள் எவர்சில்வரில் செய்யலாம். அதில் கால் ஸ்பூன் உப்பு. இன்னொரு பாத்திரத்தில் பத்து கிராம் சைனா கிராஸைக் கத்தரித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சினோம். முழுக்கக் கரைந்த பிறகுதான் சர்க்கரை போடவேண்டும், அவசரப்பட்டால் கரையாது. முந்நூறு கிராம் சர்க்கரை, வடிகட்டிய வெல்லப்பாகு நூறு கிராம் அளவுக்கு. கரண்டியிலிருந்து நூல் மாதிரி இறங்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு, புளிக்குழம்பைச் சூடாகவே ஊற்றிக் கலக்கினோம். ஆறிய புளியை ஊற்றினால் தொட்ட இடத்தில் கட்டி தட்டும். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, இரண்டு மணி நேரத்தில் வில்லை போட்டாயிற்று. அறுபது துண்டு வந்தது. ஒட்டுமாங்காய் வாசனை பிடித்தவர்கள் பாதிப் புளிக்குப் பதில் மாம்பழக்கூழ் சேர்க்கலாம்.

அப்போதே தின்றால் அது ஜெல்லி மாதிரி நறுக்கென்று உடையும், இழுக்காது. மெல்லிய துணி போட்டு மூடி நிழலில் இரண்டு நாள் காயவேண்டும். நடுவில் ஒருதரம் திருப்பிவிட வேண்டும். மேல்தோல் கெட்டியாகி, உள்ளே மெதுவாக, பல்லில் கொஞ்சம் இழுக்கும். ஜெலட்டின் அளவுக்கு இழுக்காது, பொய் சொல்லமாட்டேன். தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் தாமல் எறும்பு முழுவதும் சொந்தம் கொண்டாடிவிடும்!

காரப்பொடி புரட்டுவது கடைசி நாள்தான். ஈரத்தில் புரட்டினால் நீர் விட்டுச் சேறாகிவிடும். மிளகாயை ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, விதை தட்டி அரைத்தது ஒரு ஸ்பூன். பொடித்த சர்க்கரை நான்கு ஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. நாங்கள் மிளகாயை அரை ஸ்பூனாகக் குறைத்தோம். கடைத்தூள் வாங்குகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். சாயம் கோடுகோடாக இறங்கினாலோ அடியில் செங்கல் மாதிரி நெறுநெறுவென்று தங்கினாலோ அதைத் தொடாதீர்கள். ஆனால் காரீயம் இந்தப் பரிசோதனையில் தெரியாது. அதனால்தான் எனக்கு முழு மிளகாய் வாங்கித் துடைத்து அரைப்பதில் பிடிவாதம்.

சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்த மாதிரி ஜவ்வு மிட்டாய் எதுவுமே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அண்ணன் தின்கிறான் என்று தம்பி கை நீட்டுவான், கவனம். பெரிய பிள்ளைக்கும் நாளைக்கு இரண்டு துண்டு போதும். ஒரு துண்டில் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் செய்ததால் அது சர்க்கரை இல்லாமல் போய்விடாது! தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்; புளிப்புத் தின்ற கையோடு பல் துலக்கினால் பல்லின் மேல்பூச்சு தேயும், அரை மணி போகட்டும்.

மூன்று நாள் என்று போனவர்கள் ஐந்து நாள் இருந்துவிட்டோம், மிட்டாய் காயவேண்டுமே! சாயங்காலங்களில் ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது, நாரைகள் நின்றிருந்தன. கடைசி நாள் பையன் முதல் துண்டை எடுத்து மென்றான். நாங்கள் மூன்று தலைமுறைப் பெண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "அதே மாதிரி இல்லை" என்றான். பெரியம்மா முகம் விழுந்தது. அடுத்த நொடி, "ஒண்ணு போதாது" என்று கை நீட்டினான். தறி அறையிலிருந்து அண்ணன்கூட எழுந்து வந்தார், கையைக் கழுவிக்கொண்டுதான் திரும்பப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு.

உருளி இப்போது கூடத்தில் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்திப் பூ மிதக்க விட்டிருக்கிறாள் அக்கா மகள். பெரியம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது அதன் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் டெக்சாஸிலிருந்து போன் வந்தது. கொண்டுபோன டப்பாவிலிருந்து நாலு துண்டைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தார்களாம். அவர் தின்றுவிட்டு, "இதில் பிலோன்சில்லோ போட்டிருக்கிறாய்" என்றாராம். பிலோன்சில்லோ என்பது அவர்கள் ஊர் வெல்லம், கூம்பாக அச்சுப் பிடித்து வரும். தன் அம்மாவும் புளியும் மிளகாயும் வெல்லமும் சேர்த்து வீட்டிலேயே கிளறுவாள் என்று சொல்லி, ரொம்ப நேரம் பழைய கதை பேசினாராம். இதைப் பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தம்மா எந்தச் சட்டியில கிளறுவாங்களாம்? அதைக் கேட்டுச் சொல்லச் சொல்லு."